சிவிகை சுமந்த முதியவர்: பிற்கால வாழ்வில் அவசர மருத்துவப் பணி

இந்தியச் சமய நூல்கள் முதுமையைப் பற்றிப் பேசும் இடங்களில் பெரும்பாலும் விலகுதலையே பேசுகின்றன. தலை நரைத்து, தோல் திரைந்து, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்ட இல்லறத்தான் காட்டை நோக்கிப் புறப்பட வேண்டும் என்று மனுஸ்மிருதி விதிக்கும் மூன்றாம் நிலைக்கு வானப்பிரத்தம் என்று பெயர். உடைமை, உறவு, தொழில் ஆகியவற்றின் பிடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டு, இறுதி நிலையான துறவுக்கு மனத்தைப் பக்குவப்படுத்தும் பருவம் அது. இளமையில் ஆம்புலன்ஸிலோ, மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ பணியாற்றி, பின்னர் வேறு வேலைக்கோ குடும்பப் பொறுப்புக்கோ சென்றுவிட்ட ஒருவர், அறுபதை ஒட்டிய வயதில் மறுபடியும் அந்தப் பணிக்கே திரும்பிவந்தால், இந்த விதியின் முன் அவர் நிலை என்ன என்ற கேள்வி எழுகிறது. மூச்சு நின்றவரையும் குருதி பெருகிக் கிடப்பவரையும் நோக்கி ஓடும் வேலை, அமைதியை நாட வேண்டிய வயதில் அறமாகுமா, அல்லது விட முடியாத பற்றின் இன்னொரு வடிவமாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

விலகுதல் விதி ஒரே குரலில் சொல்லப்பட்ட ஒன்றன்று என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரத்தம், துறவு என்னும் நான்கு நிலைகளும் தொடக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய படிகளாக இருக்கவில்லை என்றும், வாழ்நாள் முழுவதற்குமாக ஒருவர் தேர்ந்துகொள்ளத்தக்க நான்கு வழிகளாகவே பழைய தர்மசூத்திரங்கள் அவற்றைக் காட்டுகின்றன என்றும் பாட்ரிக் ஆலிவெல் தம் ஆய்வில் நிறுவியிருக்கிறார். தமிழ் மரபோ வேறொரு சித்திரத்தைத் தருகிறது. தொல்காப்பியத்தின் கற்பியல், இல்லற இன்பம் நிறைந்த பிற்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் அறம் புரியும் சுற்றத்தோடும் கூடியிருந்து சிறந்தவற்றைப் பயில்வதையே கடந்துபோன வாழ்வின் பயனாகக் கூறுகிறது. அங்கே முதுமை என்பது உறவுகளின் நடுவே மேலானதைப் பழகும் காலம். நடைமுறை வழக்கமும் இதற்கு அரண் செய்கிறது. ஆண்டுகளின் அறுபது பெயரும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வரும்போது, தமிழ்க் குடும்பங்கள் மணிவிழா எடுத்து மீண்டும் ஒருமுறை தாலி கட்டிக்கொள்கின்றன. பலர் அதற்காகத் திருக்கடையூருக்குச் செல்கிறார்கள். மார்க்கண்டேயனின் உயிரைப் பறிக்க வந்த எமனைச் சிவன் உதைத்து வீழ்த்தியதாகச் சொல்லப்படும் தலம் அது. அறுபதை முடிவாகக் கொள்ளாமல் மறுதொடக்கமாகக் கொண்டாடும் ஒரு சமூகம், அந்தத் தொடக்கத்தை எமனைத் தடுத்த ஊரிலேயே கொண்டாடுகிறது என்பது, அவசர மருத்துவத்தைப் பற்றி எண்ணுகிறவர்கள் நின்று கவனிக்க வேண்டிய செய்தி.

தென் சென்னையின் அண்மைக்கால வரலாற்றிலும் இந்த மறுதொடக்கத்துக்குச் சான்றுகள் உண்டு. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்துச் சட்டமன்றத்துக்கும் பெண்கள் முன்னேற்றப் பணிக்கும் சென்றவர். அவர் முன்னின்று உருவாக்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அது நோயாளிகளை ஏற்கத் தொடங்கியபோது அவர் அறுபத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தார். மருத்துவப் பேராசிரியர் கே. எஸ். சஞ்சீவி, அரசுப் பணியாளர் ஓய்வுபெறும் வயதில், 1958இல், வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் தன்னார்வ மருத்துவ அமைப்பை நிறுவினார். வருமானத்துக்கு ஏற்ற சிறு ஆண்டுச் சந்தாவைக் குடும்பங்களிடம் பெற்றுக்கொண்டு மருத்துவம் அளிக்கும் அதன் திட்டம் காப்பீட்டுப் பேச்சு பரவாத காலத்தில் எழுந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950இல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிவைத்த டாக்டர் பி. ராமமூர்த்தியும், அரசுப் பணி ஓய்வுக்குப் பின் அதே அமைப்பின் மருத்துவமனையில் அமைந்த லட்சுமிபதி நரம்பியல் அறுவைச் சிகிச்சை மையத்தையே தம் பணிக்களமாக்கிக்கொண்டார்.

இவர்களின் பெருமையைக் குறைக்காமலே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். நிறுவனம் கட்டுவதும், பேராசிரியராக வழிகாட்டுவதும், ஆலோசனை கூறுவதும் முதுமைக்கு இயல்பாகப் பொருந்தும் செயல்கள்; அனுபவம் ஏற ஏற அவற்றில் மதிப்பும் ஏறும். அவசரப் பணியில் அனுபவத்தோடு உடலும் தேர்வுக்கு வருகிறது. இதயம் நின்றுபோன ஒருவருக்குச் செய்யும் சி.பி.ஆர். என்னும் உயிர்மீட்பு முறையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தரையில் முட்டி போட்டு, இரு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக நெஞ்செலும்பின் நடுவில் ஊன்றி, முழங்கையை மடக்காமல், தோளின் எடை முழுவதும் இறங்கும்படி, ஐந்து சென்டிமீட்டராவது அமுங்குமாறு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். முப்பது அழுத்தங்களுக்கு இரண்டு முறை மூச்சு ஊத வேண்டும். இரண்டு நிமிடத்தில் இளைஞருக்கே தோள் தளர்ந்து அழுத்தத்தின் ஆழம் குறையத் தொடங்குவதால், ஆள் மாற வேண்டும் என்பது விதி. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குக் குடியிருப்புகளின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நோயாளியைத் தூக்கி இறக்கும்போது, படி திரும்பும் ஒவ்வொரு முனையிலும் ஸ்ட்ரெச்சரைத் தலைக்குமேல் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கீழ்ப்படியில் நிற்பவருடைய முழங்காலில்தான் பெரும்பகுதி எடை விழும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ரங்கநாதன் தெருவில் ஒருவர் மயங்கி விழுந்தால் வண்டி உஸ்மான் சாலையைத் தாண்டி உள்ளே போகாது. எஞ்சிய தூரம் முழுவதும் கையும் காலும்தான்.

உடலைப் போலவே அறிவும் சோதிக்கப்படுகிறது. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்புகிறவர், தாம் மனப்பாடமாக வைத்திருந்த பல விதிகள் மாறிவிட்டதைக் காண்பார். பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று இருந்த கணக்கு 2005இல் முப்பதுக்கு இரண்டாயிற்று. மூச்சுப்பாதை, சுவாசம், குருதியோட்டம் என்று இருந்த வரிசையை 2010இன் அமெரிக்க வழிகாட்டுதல் திருப்பிப் போட்டு நெஞ்சழுத்தத்தை முதலில் வைத்தது. இதயத் துடிப்பு முற்றிலும் நின்ற நிலையில் வழக்கமாகச் செலுத்தப்பட்டுவந்த அட்ரோபின் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. மாரடைப்பு என்றாலே உடனே பொருத்தப்பட்ட ஆக்சிஜன், இன்று குருதியில் அதன் அளவு குறைந்திருந்தால் மட்டுமே தரப்படுகிறது. கற்றதை மறப்பது கற்பதைவிடக் கடினம் என்பதால், நெருக்கடியான நொடியில் கை பழைய வரிசையையே தேடிப்போகும். அந்தக் கையைத் திருத்துகிறவர் பெரும்பாலும் திரும்பிவந்தவரின் பிள்ளை வயதை ஒட்டியவராக இருப்பார். தொடக்கத்தில் எழுப்பிய சமயக் கேள்வியின் மையம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மனித மனம் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் அதில் பதியும் தடத்தை இந்தியத் தத்துவம் வாசனை என்று அழைக்கிறது. வாசனை, செயல் நின்ற பிறகும் அந்தச் செயலுக்கே மனத்தை இழுத்துக்கொண்டிருக்கும். சைரன் ஒலி, கூட்டம் விலகி வழிவிடுவது, தாம் வந்ததும் எல்லோரும் தம்மையே பார்ப்பது, தம் கையால் ஒருவர் கண் திறப்பது ஆகிய அனைத்தும் ஆழமான தடம் பதிப்பவை. ஓய்வுக்குப் பின் அவை இல்லாமற்போகும்போது ஏற்படும் வெறுமையைப் பலர் கருணை என்று தவறாகப் பெயரிட்டுக்கொள்ளக் கூடும். இந்தச் சந்தேகத்தை எழுப்பாமல் திரும்புதலை வாழ்த்திவிடுவது தத்துவத்துக்கு அழகன்று. அதே வேளையில், சந்தேகம் எழுந்தது என்பதற்காகவே பணியை விலக்கவும் வேண்டியதில்லை. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் துறத்தலை இரண்டாகப் பிரித்து, ஆசை உந்தும் செயல்களைக் கைவிடுவதைச் சந்நியாசம் என்றும், எல்லாச் செயல்களின் பயனையும் கைவிடுவதைத் தியாகம் என்றும் விளக்குகிறது. உடல் வருந்துமே என்று அஞ்சிக் கடமையை விடுவதை அது தாழ்ந்த வகையில் வைத்து, செய்ய வேண்டியது என்ற ஒன்றற்காகவே, பற்றையும் பயனையும் விட்டுச் செய்வதை உயர்ந்த வகையில் வைக்கிறது. ஆகவே ஆராய வேண்டியது, திரும்பியவர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டிலும் எதை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்பதையே.

இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ் மரபிலேயே ஓர் உரைகல் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், திருப்பூந்துருத்தியில் நிகழ்ந்ததாக ஒரு சந்திப்பைச் சொல்கிறது. பாண்டிநாட்டில் சமயப் பணி முடித்துத் திரும்பிய திருஞானசம்பந்தர், முத்துச் சிவிகையில், அதாவது ஆட்கள் தோளில் சுமக்கும் பல்லக்கில், அவ்வூரை நெருங்குகிறார், அவர் சிறுபிள்ளை. அங்கே மடம் அமைத்துத் தங்கியிருந்த திருநாவுக்கரசர் முதியவர். உழவாரம் என்னும் கருவியால் கோயில் முற்றங்களில் புல் செதுக்கும் தொண்டை ஊர் ஊராகச் செய்துவந்தவர். அந்தப் பிள்ளையே அன்பொழுக அப்பர் என்று அழைத்த பெயரால் இன்றளவும் அறியப்படுபவர். எதிர்கொள்ளச் சென்ற கூட்டத்தில் யாரும் அறியாதபடி நுழைந்து, சிவிகை சுமப்போரில் ஒருவராகத் தோள் கொடுத்து அவர் நடந்துவருகிறார். அப்பர் எங்கே உள்ளார் என்று சம்பந்தர் கேட்கும்போதுதான், தாங்கிவரும் பேறு பெற்று இங்கேயே இருக்கிறேன் என்ற பொருளில் கீழிருந்து விடை வருகிறது. பிள்ளை பதறி இறங்கி வணங்க, முதியவரும் வணங்குகிறார்.

இந்நிகழ்ச்சியைப் பணிவுக்கு எடுத்துக்காட்டாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். கூர்ந்து பார்த்தால் இதில் வேறொன்றும் இருக்கிறது. அப்பர் அங்கே வழிநடத்தவில்லை, வரவேற்புரை சொல்லவில்லை, தம் இருக்கையில் அமர்ந்து காத்திருக்கவும் இல்லை. அவருக்கு உரிமையாக இருந்த இடங்கள் அனைத்தையும் விட்டுவிட்டு, எந்தத் தோளும் செய்யக்கூடிய ஒரு வேலையைத் தம் தோளால் செய்தார். பல்லக்குச் சுமப்பவர்கள் நடையை ஒத்துப்போட வேண்டும். ஒருவர் தாம் மூத்தவர் என்று தனி நடை போட்டால் மேலே இருப்பவர் சாய்வார். எனவே அப்பர் பெயரை மறைத்ததோடு நிற்காமல், மற்றவர்களின் கால்வரிசைக்குத் தம் காலையும் உட்படுத்தியிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவசரப் பணிக்குத் திரும்பும் ஒருவரின் பற்றை அளப்பதற்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் கிடைப்பது அரிது. இருபத்தைந்து வயது மருத்துவ உதவியாளர் தலைமையில், அவர் சொல்லும் எண்ணிக்கைக்கு ஏற்ப, ஸ்ட்ரெச்சரின் கால்பக்கத்தைப் பிடித்து இறங்க அவருக்குச் சம்மதமானால், அவர் விட வேண்டியதை விட்டுவிட்டார் என்று கொள்ளலாம். முன்பு இதே துறையில் வகித்த பதவியை அவர் மூன்றாவது முறையாகச் சொல்லிக் காட்டினால், திரும்பி வந்திருப்பது வாசனை மட்டுமே.

சம்பந்தரின் பெயரோடு மயிலாப்பூருக்கு இருக்கும் தொடர்பும் இந்த ஆராய்ச்சிக்கு உதவும். நந்தவனத்தில் பூப்பறிக்கையில் பாம்பு தீண்டி இறந்த ஏழு வயதுப் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் தந்தை சிவநேசர் குடத்தில் இட்டுக் காத்துவந்தார் என்பதும், சம்பந்தர் கபாலீசுவரத்தின் முன் பதிகம் பாடி அவளைப் பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுப்பினார் என்பதும் ஊரறிந்த வரலாறு. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் அது நிகழ்த்திக் காட்டப்படுகிறது, மாலையில் அறுபத்துமூவர் எனப்படும் நாயன்மார்கள் வீதியுலா வரும்போது மாடவீதிகளில் முதலுதவி முகாம்களும் ஆம்புலன்ஸ்களும் நிற்கின்றன. உயிர் மீண்ட அற்புதத்தையே எல்லோரும் பேசுவதால், அதன் பின்பகுதி கவனம் பெறுவதில்லை. சிவநேசர் மகளை மணந்துகொள்ளுமாறு வேண்டியபோது, நீர் பெற்ற பெண் நஞ்சால் மாண்டுபோனாள், இவள் இறைவன் அருளால் என் வழியாக மீண்டு பிறந்தவள், ஆதலால் இச்சொல் தகாது என்று சம்பந்தர் மறுத்துவிட்டு அடுத்த தலத்துக்குப் புறப்படுகிறார். காப்பாற்றியவருக்குக் காப்பாற்றப்பட்டவர்மேல் உரிமை எதுவும் பிறப்பதில்லை என்பதே அந்த மறுப்பின் பொருள்.

அவசர மருத்துவத்தின் அன்றாட அமைப்பே இந்த உரிமையின்மையைக் கட்டாயமாக்குகிறது. வண்டியில் வந்தவர், நோயாளியின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், தந்த மருந்து, நேரம் ஆகியவற்றை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சொல்லி ஒப்படைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து அடுத்த அழைப்புக்குப் போய்விடுகிறார். அந்த நோயாளி பிழைத்தாரா, வீடு திரும்பினாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவருவதே இல்லை. நற்செய்தியில் இயேசு கூறும் நல்ல சமாரியர் கதையிலும், அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்துச் செலவுக்குப் பணம் தந்துவிட்டு அந்தப் பயணி தன் வழியே போகிறான். பயன் கைக்கு எட்டாத வேலை என்று இளம் ஊழியர்கள் வருந்தும் இந்நிலை, பயனை விடப் பழக வேண்டிய வயதில் இருப்பவருக்குத் தவமாகவே அமையக்கூடும். காட்டுக்குப் போனால் கிடைக்கும் என்று மனு நம்பிய பற்றின்மை, ஓர் ஆம்புலன்ஸின் ஒப்படைப்புத் தாளிலும் கிடைக்கிறது.

இதற்கு எதிராக, அகத்தை நோக்கிய சாதனையே முதுமைக்கு உரியது, சேவை எவ்வளவு உயர்ந்ததானாலும் மனத்தை வெளியே சிதறடிக்கும் என்று வாதிடுவோர் எப்போதும் உண்டு. அறுபத்துமூவரில் ஒருவரும் மயிலாப்பூரைச் சேர்ந்தவருமான வாயிலார் நாயனார், மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பி வழிபட்டு நிறைவெய்தியவர் என்பதால், இந்த வாதத்துக்கு உள்ளூரிலேயே பெருஞ்சான்று இருக்கிறது. இராமகிருஷ்ண இயக்கம் 1897இல் தொடங்கியபோது அதன் உள்ளேயே இந்தச் சர்ச்சை எழுந்தது. துறவிகள் மருத்துவமனை நடத்துவதும் மலம் அள்ளுவதும் முறையா என்ற கேள்வி வடக்கே கங்கல், காசி ஆகிய இடங்களில் அவர்களைத் துரத்தியது, கங்கலில் சேவாசிரமம் நடத்திய துறவிகளை மற்றச் சாதுக்கள் தோட்டிச் சாதுக்கள் என்று இழித்தும் பேசினார்கள். காசியிலுள்ள சேவாசிரமத்தை 1912இல் சுற்றிப் பார்த்த, இராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதாதேவியார், இங்கே குருதேவர் இராமகிருஷ்ணரே விளங்குகிறார் என்ற கருத்தைச் சொல்லிப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை நன்கொடையாக அளித்ததோடு, அந்த இயக்கத்தளவில் விவாதம் ஓய்ந்தது. சுவாமி இராமகிருஷ்ணானந்தர் அதே 1897இல் சென்னையில் நிறுவி, இன்று மயிலாப்பூரில் இயங்கும் மடம், பூசையும் தியானமும் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச மருந்தகத்தையும் நடத்திவருகிறது. வைணவம் இந்தச் சர்ச்சையை இன்னும் எளிதாகத் தீர்த்துவிட்டது. கைங்கர்யம், அதாவது இறைவனுக்கும் அவன் அடியார்க்கும் செய்யும் தொண்டு, வீடுபேறு அடைந்த பின்னும் தொடரும் என்று நம்பும் மரபில், அறுபது வயதில் அதற்கு ஓய்வு கேட்க இடமே இல்லை.

விதிவிலக்கான காலங்கள் வேறு. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, ஓய்வுபெற்ற மருத்துவர்கள் தன்னார்வமாக முன்வருமாறு மத்திய அரசு அழைத்தது. தமிழக அரசு அம்மாத இறுதியில் ஓய்வு பெறவிருந்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் மேலும் இரண்டு மாதம் பணியில் நீடிக்கச் செய்தது. அறுபதைக் கடந்தவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதே நாட்களில் ஒலித்தது. மகாபாரதத்தின் சாந்திபருவம், பேராபத்தில் வழக்கமான விதிகள் தளர்வதை ஆபத்தருமம் என்று தனிப் பகுதியாகவே பேசுகிறது. ஆனால் அந்தத் தளர்வு ஆபத்து நீங்கியதும் நீங்கிவிட வேண்டியது. பெருந்தொற்றில் திரும்பிய முதியோரின் தியாகத்தைக் காட்டி, எல்லா நாளும் அப்படித் திரும்பலாம் என்று வாதிடுவது பொருந்தாது. தமக்கு வரும் ஆபத்தை ஒருவர் மனமார ஏற்கலாம். தம் தளர்ச்சியால் நோயாளிக்கு வரும் ஆபத்தை அவர் ஏற்க முடியாது, அது அவருடையதன்று. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவரும், தம் ஆயுர்வேத நூலின் சூத்திரத்தானத்தில் சரகரும், மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் நோயாளியை ஒன்றாகவும் மருத்துவரை ஒன்றாகவும் வைத்தார்களே தவிர, மருத்துவரின் மனநிறைவை ஐந்தாவதாகச் சேர்க்கவில்லை.

சரகர் இன்னோரிடத்தில் மருத்துவரின் மனப்பாங்கை நான்காகச் சொல்கிறார்: எல்லோரிடமும் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, தீர்க்கக்கூடிய நோயில் ஈடுபாடு, முடிவை எய்திக்கொண்டிருப்போரிடம் உபேட்சை. உபேட்சை என்பது அலட்சியமன்று. விலகி நின்று சமநிலையோடு பார்ப்பது. இந்த நான்காவது குணத்தில்தான் முதியவர் இளையவரை விஞ்சுகிறார். மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவனும் மனைவியுமாகவோ தனியாகவோ வாழும் மூத்தோர் பலர். இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தவரும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரும் அவர்களில் இருப்பார்கள். அந்த வீட்டுக்குள் நுழையும் நரைத்த தலை ஒன்று, அருகே உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, நாங்க கூடவே வர்றோம்" என்று கையைப் பிடிக்கும்போது, எந்தக் கருவியும் தராத ஒரு தெம்பு கிடைக்கிறது. குணமாகும் நம்பிக்கையற்ற நிலையில் தமக்குச் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. அப்படி ஒரு விருப்பம் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கும் பெரியவர், தம் வயதுக்காரரிடம் சொல்லிவிடுவார். உயிரை மீட்கப் பாடுபடுவதும், மீட்பு முடியாதபோது மீட்பவரின் பெருமைக்காக உடலை வதைக்காதிருப்பதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். இரண்டாம் பக்கத்தைக் கற்க வாழ்நாள் தேவைப்படுகிறது.

தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகள், மருத்துவ உதவியாளருக்கு 19 முதல் 30 வயது வரையும், ஓட்டுநருக்கு 24 முதல் 35 வயது வரையும் என்று வரம்பு குறிப்பது வழக்கம். இதுவரை சொன்னவற்றை எண்ணிப் பார்த்தால் இந்த வரம்பைக் குறைகூற முடியாது. இரவு பகலாக வண்டியில் ஓடும் முழுநேரப் பணிக்கு இளமை வேண்டும். ஆனால் அந்த வண்டிக்கு வெளியே அவசரப் பணி நிறைய இருக்கிறது. வண்டி வந்து சேரும் முன்னே கழியும் நிமிடங்களில் தெருவில் இருப்பவர் செய்ய வேண்டிய நெஞ்சழுத்தம், திருவிழாக் கூட்டத்தின் முதலுதவி முகாம், பள்ளிகளிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் நடத்த வேண்டிய பயிற்சி, மருத்துவமனை வாசலில் திகைத்து நிற்கும் குடும்பத்துக்கு நிலைமையை விளக்கும் வேலை ஆகியவற்றுக்கு ஆள் போதவில்லை. பழைய அனுபவம் உடையவர்களை முறையான தேர்வுக்கும் ஆண்டுதோறும் மறுபயிற்சிக்கும் உட்படுத்தி, இவற்றில் சேர்த்துக்கொள்ள ஒரு தன்னார்வப் பிரிவை அரசு ஏற்படுத்தலாம், ஏற்படுத்த வேண்டும்.

திரும்பிவர நினைக்கும் மூத்தோருக்கு ஒரு வேண்டுகோள். அருகிலுள்ள பயிற்சி மையத்துக்குச் சென்று, பயிற்சிப் பொம்மையின் முன் முட்டி போட்டு, இரண்டு நிமிடம் ஆழம் குறையாமல் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இளையவர்களின் கீழ் அணியில் சேருங்கள், முடியாவிட்டால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க அங்கேயே இருங்கள்.